சொர்க்கத்தில் ஞாபகம் இருக்குமா?

1

நம் ஊர் நூலகத்தில் பிள்ளைகளுக்காகப் போடும் ஆண்டு மலருக்கு மலாக்காவைப் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று நூலகர் ஐயா கேட்டிருந்தார். நான் பத்தாவது வரை படித்தவன். ஊரை விட்டு வந்த பிறகு நான் தமிழில் எழுதியது வீட்டுக்கு அனுப்பும் பார்சல் மேல் விலாசம் மட்டும்தான். மிருகக்காட்சிசாலை, சிவப்புக் கட்டடங்கள், ஆற்றில் ஓடும் படகு இவற்றைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் என் மகள் கயல் ஒரு கேள்வி கேட்டாள். அதை விட்டுவிட்டு வேறு எதை எழுதினாலும் பொய்யாக இருக்கும். அவள் உங்களோடுதான் ஐந்தாவது படிக்கிறாள். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நான் இருப்பது ஆயர் குரோ. நெடுஞ்சாலையிலிருந்து மலாக்காவுக்கு இறங்கும் இடம். வீடு வீடாகக் கார் நிற்கும். நடந்து போகிற ஆளைப் பார்த்தால் வண்டி கெட்டுப்போய்விட்டதா என்று கேட்பார்கள். ஹமீது பாய் என்ற தமிழ் முஸ்லிம் பெரியவர் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் எனக்குத் தண்ணி கலக்குகிற வேலை. டீ, காபி, மைலோ எல்லாமே இங்கே தண்ணிதான். டீயைத் தலைக்கு மேலே தூக்கி நுரை கட்டும்வரை ஆற்ற வேண்டும். அதற்குத் தே தாரேக் என்று பெயர். இழுத்த டீ என்று அர்த்தம். நாள் முழுக்க இழுத்தால் ராத்திரி என் தோள் தனியாகப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

என் மனைவி செல்விக்கு ஆற்றின டீயே ஆகாது. அடுப்பிலிருந்து இறக்கியதை அப்படியே கிளாஸில் ஊற்றித் தர வேண்டும். "ஆத்துனா டீ செத்துப்போயிடும்" என்பாள். என் தொழிலுக்கு வீட்டுக்குள்ளேயே எதிர்க்கட்சி.

செல்வி போன வருஷம் காய்ச்சலில் படுத்தாள். எழுந்திருக்கவில்லை. செய்தி வந்து, விடுப்பு சொல்லி, டிக்கெட் கிடைத்து நான் வீடு சேர்ந்தபோது எல்லாம் முடிந்து வாசலைக் கழுவி விட்டிருந்தார்கள். காரியம்வரை இருந்துவிட்டுத் திரும்பினேன். செல்வியின் தங்கை மல்லிகா எங்கள் வீட்டுக்கே வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள்.

திரும்பி வந்த அன்று, தினமும் டீ குடிக்க வரும் ஒரு மலாய் வாத்தியார், எங்கே ஆளைக் காணோம் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த மலாயில், மனைவி 'மாத்தி' என்றேன். செத்துப்போனாள் என்று சொன்னதாக நினைத்துக்கொண்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எஞ்சின் நின்றால், பல்பு அணைந்தால், கோழி செத்தால் அப்படிச் சொல். மனுஷரை அப்படிச் சொல்லாதே, 'மெனிங்கால்' என்று சொல் என்றார். விட்டுவிட்டுப் போய்விட்டார் என்பது போல ஒரு வார்த்தை. அன்று முழுக்க டீ இழுத்துக்கொண்டே அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்தேன். யார் யாரை விட்டுவிட்டுப் போனது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

2

கடைக்கு மேலே மாடியில் வேலையாட்களுக்கு ஒரு அறை. இரண்டடுக்குக் கட்டில்கள், கொடியில் எந்நேரமும் ஈரத் துண்டுகள், மூலையில் அரிசி மூட்டைகள். ஒரு பக்கச் சுவருக்கு மட்டும் யாரோ பழைய ஆள் வெள்ளைப் பெயின்ட் அடித்து, ஒரு காலண்டரும் மாட்டியிருக்கிறார். நாங்கள் அதை நல்ல சுவர் என்போம். வீட்டுக்கு வீடியோவில் பேசுகிறவர் முகம் கழுவி, சட்டை மாற்றி, அந்தச் சுவர் முன்னால்தான் நிற்க வேண்டும். சிரித்துக்கொண்டுதான் பேச வேண்டும். யாரும் போட்ட சட்டம் இல்லை. ஆனால் மீறினவன் கிடையாது.

நானும் அங்கே நின்றுதான் பேசுவேன். பெரியவன் எழில் பத்தாவது படிக்கிறான். "சாப்பிட்டியா?" என்றால் "ம்." "பரீட்சை எப்படி?" என்றால் "எழுதினேன்." உடனே போனைத் தங்கையிடம் தள்ளிவிடுவான். அவனுடைய காதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

எங்கள் கடைக்கு அடுத்தது ஒரு சீன ஆன்ட்டியின் கடை. ஊதுபத்தி, சிவப்பு மெழுகுவர்த்தி, காகிதச் சாமான் எல்லாம் வைத்திருப்பார். அதற்குமுன் நான் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. போன மாதம் பாய் ஊதுபத்தி வாங்கிவரச் சொன்னார். போன இடத்தில் கண்ணாடித்தாள் போட்ட ஒரு பெட்டியைப் பார்த்தேன். உள்ளே காகிதத்தில் செய்த போன், அதற்குச் சார்ஜர், கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி. அவ்வளவு அழகு. கயல் விளையாட்டுப் போன் கேட்டுக்கொண்டிருந்தாள். ஊருக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்துவிடலாம் என்று எடுத்தேன்.

யாருக்கு என்று ஆன்ட்டி கேட்டார். பிள்ளைக்கு என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. பெட்டியை என் கையிலிருந்து பிடுங்கி, என் மணிக்கட்டில் ஒரு அடியும் வைத்தார். அவர் மலாயில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன். 'சோய்' என்றால் அபசகுனம் பேசாதே என்பது போல; 'லா' என்பது இங்கே எல்லோரும் பேச்சோடு ஒட்டிவிடுகிற வால்.

"சோய்! வாயக் கழுவு. இது செத்தவங்களுக்கு லா. எரிச்சா அவங்களுக்குப் போய்ச் சேரும். உம் பிள்ளைக்கு எதுக்கு?"

வீடு, கார், சட்டை, செருப்பு எல்லாமே காகிதத்தில் செய்து எரிப்பார்களாம். போனவர்கள் அங்கே கஷ்டப்படக் கூடாதே என்று. போய்ச் சேர்ந்த தன் வீட்டுக்காரருக்கு ஆன்ட்டியும் வருஷா வருஷம் எரிக்கிறாராம். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் எங்கள் இரண்டு பேர் தலையைச் சுற்றியும் ஊதுபத்திப் புகையைக் காட்டிவிட்டுத்தான் என்னை விட்டார்.

3

அதை ஒரு தமாஷாகக் கயலிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அந்தப் போனு வந்தா அம்மா யார்கிட்டப்பா பேசும்?" என்றாள்.

உன்கிட்டத்தான் என்றேன்.

"பேசாது. அம்மாவுக்கு எங்கள ஞாபகமே இருக்காது."

யார் சொன்னார்கள் என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லையாம், அவளாகவே யோசித்தாளாம். அம்மா சொர்க்கத்தில் இருக்கிறாள், அங்கே கவலை என்பதே கிடையாது என்று சித்தி சொல்லியிருக்கிறாள். எங்களை ஞாபகம் இருந்தால் அம்மாவுக்குக் கவலை வரும். கவலை இல்லை என்றால் மறந்துவிட்டாள் என்றுதானே அர்த்தம். கணக்கு வாத்தியார் போட்டது போல நேராகச் சொன்னாள். கடையில் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் மல்லிகா கூப்பிட்டாள். அக்காவுக்கு வருஷப் படையல் வருகிறது. நம் பக்கத்தில் தாலியோடு போனவளைப் பூவாடைக்காரி என்று வீட்டிலேயே வைத்துக் கும்பிடுவோம் என்பது உங்களுக்குத் தெரியும். புதுச்சேலை மடித்து வைத்துப் பூச்சுற்றி விளக்கேற்ற வேண்டியவள் வீட்டுப் பெண். கயல் மாட்டேன் என்கிறாளாம். நம்மை மறந்தவங்களுக்கு நான் ஏன் ஏற்றணும் என்கிறாளாம்.

"அடிச்சா ஏத்துவா மாமா. ஆனா அது படையலா? நீங்க வாங்க. இல்ல நீங்களே ஒரு பதில் சொல்லுங்க" என்றாள்.

போக வழியில்லை. என் பாஸ்போர்ட் வேலை அனுமதியைப் புதுப்பிக்கப் போயிருந்தது. ஏஜென்டிடம் எப்போது கேட்டாலும் "அடுத்த வாரம் லா, அண்ணே" என்பார். அந்த அடுத்த வாரம் மாதக்கணக்காக அடுத்த வாரமாகவே இருந்தது. ஆகவே பதிலாவது தேட வேண்டும். நாலு மதத்து ஆளும் டீ குடிக்க வருகிற கடையில் நிற்கிறவன் நான். கேட்க ஆரம்பித்தேன்.

4

முதலில் பாய். சாயங்காலத் தொழுகை முடித்து வந்து ஏலக்காய் உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் உரித்தேன். சொர்க்கம் தோட்டம் மாதிரி இருக்கும் என்றார். அடியில் ஆறு ஓடும், பாலும் தேனும் ஓடும், வெயில் சுடாது, களைப்பே வராது, நல்லவர்களை அல்லா பிள்ளை குட்டியோடு சேர்த்து வைப்பான் என்றார். களைப்பே வராது என்று சொன்னபோது என் தோளைப் பார்த்துச் சிரித்தார்.

பிள்ளைகள் வந்து சேர்கிறவரை தாய்க்கு ஞாபகம் இருக்குமா என்று கேட்டேன்.

"ஞாபகம் இருக்கும். வலி எடுத்துருவான். அப்பிடித்தான் நான் நம்புறேன்" என்றார். இன்னொரு ஏலக்காயை உரித்துப் போட்டுவிட்டு, "எங்க உம்மா இருக்கே, என்னைய மறந்தாத்தான் உள்ள விடுவோம்னு சொல்லிருந்தா வாசல்லயே உக்காந்திருக்கும். அல்லா மன்னிக்கணும்" என்று சொல்லிக் காதைத் தொட்டுக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வேலை முடிந்து காலையில் டீ வாங்க வரும் மேரி அக்காவிடமும் கேட்டேன். அவர் கத்தோலிக்கர். மறப்பதாவது, அங்கே போனவர்களுக்கு வேலையே நமக்காகக் கடவுளிடம் வேண்டிக்கொண்டிருப்பதுதான் என்றார். அப்படியானால் அங்கேயும் ஓய்வு இல்லையா என்று கேட்டுவிட்டேன்.

"எங்க வீட்டுக்காரரும் இதத்தான் கேப்பாரு. சொர்க்கத்துலயும் ஓவர்டைமானு" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னவர், டீயை எடுக்காமல் போய்விட்டார். பின்னாலேயே ஓடிப் போய்க் கொடுத்தேன். அவர் வீட்டுக்காரர் போய் ரொம்ப நாளாகிறது என்று பாய் பிறகுதான் சொன்னார்.

5

காகிதக்கடை ஆன்ட்டியிடம் கேட்கப் பயமாக இருந்தது. மறுபடி அடித்தால்? ஆனால் அவரே என்னைக் கூப்பிட்டார். அன்று அடித்ததற்காக ஒரு பை நிறைய ஆரஞ்சுப்பழம் கொடுத்தார். கயல் கேட்டதைச் சொன்னேன்.

ஆன்ட்டி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர்கள் நம்பிக்கையில், போனவர்கள் மறுபடி பிறக்கப் போகும் வழியில் ஒரு பாலம் இருக்கிறதாம். அங்கே ஒரு கிழவி ஒரு கிண்ணத்தில் சூப் தருவாளாம். குடித்தவுடன் எல்லாம் மறந்துவிடும். வீடு, புருஷன், பெண்டாட்டி, பிள்ளை எதுவும் நினைவிருக்காது. அதன்பிறகுதான் பிறக்க முடியும்.

அப்படியென்றால் கயல் சொன்னது சரிதானே? பிறகு எதற்கு நீங்கள் வருஷா வருஷம் உங்கள் வீட்டுக்காரருக்குச் சட்டையும் செருப்பும் எரிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"அவரு இன்னும் குடிக்கல" என்றார் ஆன்ட்டி, பக்கத்துத் தெருவில் இருப்பவரைப் பற்றிச் சொல்வது போல. "அவருக்கு சூப்பே பிடிக்காது லா. கல்யாணம் ஆன நாள்லருந்து நான் வெச்ச சூப்ப ஒரு நாள் குடிச்சதில்ல. அந்தக் கிழவி குடுத்தா மட்டும் குடிச்சிருவாரா?"

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

6

முனியன் அண்ணன் லாரி ஓட்டுகிறவர். சுங்கை ஊடாங் பக்கம் லோடு இறக்கிவிட்டு எங்கள் கடையில் சாப்பிடுவார். செலண்டார் அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய தாத்தா நம் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவராம். ஆகவே அவர்கள் வீட்டிலும் பூவாடைக்காரி உண்டு, அவருடைய பெரியம்மா. அடுக்குமாடி வீட்டில் டி.வி.க்கு மேலே பலகை அடித்து, அவருடைய சேலைப் பெட்டியை வைத்திருக்கிறார்கள்.

நான் கேட்டதும் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "நம்ம பொம்பளைங்க எங்க தம்பி சொர்க்கத்துக்குப் போறாங்க? போகச் சொன்னாலும் அடுப்ப யாரு பாக்குறதும்பாங்க. வீட்ட விட்டு நகர மாட்டாங்க."

தோட்டத்தை எண்ணெய்ப்பனைக்கு மாற்றி, அவர்கள் குடியிருந்த லயம் என்கிற வரிசை வீடுகளை இடிக்கப் போகிறார்கள் என்றதும் குடும்பம் ஆயர் குரோவுக்குக் கிளம்பியிருக்கிறது. சட்டி பானையெல்லாம் ஏற்றிக் கடைசியாகச் சேலைப் பெட்டியையும் ஏற்றியிருக்கிறார்கள். லாரி கிளம்பவில்லை. எத்தனையோ தடவை சாவியைத் திருகியும் அசையவில்லை. எங்கே போகிறோம் என்று பெட்டியில் இருக்கிறவளிடம் சொன்னீர்களா என்று அவருடைய அம்மா கேட்டாராம். யாரும் சொல்லவில்லை. உடனே அப்பா லாரி மேல் ஏறி, பெட்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, அண்ணி, இந்த ஊர், இந்தப் பிளாக், இத்தனாவது மாடி, இந்தக் கதவு நம்பர் என்று புது விலாசத்தை முழுக்கச் சொல்லியிருக்கிறார். லாரி கிளம்பிவிட்டது.

"பேட்டரி ஒயரு லூசா இருந்துச்சு. நாந்தான் இறுக்குனேன்" என்றார் முனியன் அண்ணன். "ஆனா ஒண்ணு. அப்பா விலாசம் சொல்லி முடிச்சப்பறந்தான் இறுக்குனேன்."

எல்லோரும் சிரித்தோம். மாடிக்கு வந்து படுத்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அண்ணன் சொல்வது நிஜம் என்றால் செல்வி எங்கேயும் போகவில்லை. நம் ஊரில், எங்கள் வீட்டில், அடுப்புப் பக்கத்தில்தான் இருக்கிறாள். எழில் வந்து போவதைப் பார்க்கிறாள். கயல் தலை பின்னிக்கொள்வதைப் பார்க்கிறாள். அந்த வீட்டில் இல்லாத ஆள் நான் ஒருவன்தான்.

7

படையல் அன்று ஊரில் மத்தியானம்; இங்கே சாப்பாட்டுக் கூட்டம் வடிகிற நேரம். பாய் என் கையிலிருந்த குவளையை வாங்கிக்கொண்டு, "போ, கை கால் அலம்பிட்டு மேல போ. டீய நான் இழுக்குறேன்" என்றார். அவர் டீ இழுத்தால் பாதி தரைக்குத்தான் போகும். ஆனாலும் போகச் சொன்னார்.

நல்ல சுவர் முன்னால் நின்று கூப்பிட்டேன். மல்லிகா வடை சுட்டுக்கொண்டிருந்தாள். கயல் போனை வாங்கிக்கொண்டு தனியாக வந்து உட்கார்ந்தாள். பின்னால் எழில் வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தான். சேலை இன்னும் கடைப் பையிலேயே இருந்தது.

பாய் சொன்னது, மேரி அக்கா சொன்னது, சூப் பிடிக்காதவர், விலாசம் கேட்ட பெரியம்மா எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

"இதுல எதுப்பா நெஜம்?"

"தெரியலம்மா. போனவங்க யாரும் திரும்பி வந்து சொல்லல."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "நீயும்தான் போயிட்ட. அங்க நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன்டா" என்றேன். வாய் பழகிப்போன வார்த்தை. சிரிப்பும் கூடவே வந்துவிட்டது.

"அப்ப எங்கள நெனச்சா உனக்குக் கவலையே வராதா?"

பிள்ளைகளே, அவள் செல்வியைப் பற்றி மட்டும் கேட்கவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு தடவையும் சட்டை மாற்றி, வெள்ளைச் சுவர் முன்னால் நின்று நான் சிரித்ததைப் பார்த்துத்தான் அந்தக் கணக்கை அவள் போட்டிருக்கிறாள்.

போனைத் திருப்பிப் பிடித்தேன். ஈரத் துண்டுகளைக் காட்டினேன். அரிசி மூட்டை, என் கட்டில், தலையணைக்குப் பக்கத்தில் செல்வி போட்டோ எல்லாம் காட்டினேன். பிறகு, யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். காலையில் கடை திறந்ததும் போடும் முதல் கிளாஸை நான் ஆற்றுவதில்லை. அப்படியே ஊற்றிக் குழாய்ப் பக்கத்தில் வைத்துவிடுவேன்.

"ஆத்தாத டீயா?" என்றாள் கயல். முகம் மாறிவிட்டது. "யாரு குடிப்பா?"

"யாரும் குடிக்கறதில்ல. ஆறிப்போனதும் கழுவி வெச்சிடுவேன்."

"கழுவுறப்போ கஷ்டமா இருக்குமா?"

"இருக்கும்டா."

"தினமுமா?"

தலையை ஆட்டினேன். அவள் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் நான் அழுகிறேனா என்று நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

"இனிமே போன்ல சிரிக்காதப்பா. நீ சிரிச்சா எனக்குத் தெரிய மாட்டேங்குது" என்றாள். போனைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

எனக்கு எங்கள் வீட்டுக் கூரை மட்டும் தெரிந்தது. கடைப் பை சரசரவென்று பிரிகிற சத்தம் கேட்டது. தீக்குச்சி உரசுகிற சத்தம், ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை. கற்பூர வாசனை வருகிறதா என்று என்னை அறியாமல் மூச்சை இழுத்தேன். அரிசி மூட்டை வாசனைதான் வந்தது.

கும்பிட்டுக்கோங்க என்றாள் மல்லிகா. அப்புறம் எழிலின் குரல் கேட்டது. குரல் உடைந்து பெரிய ஆள் குரலாகிவிட்டிருந்தது. ஒற்றை வார்த்தைக்கு மேல் அதை நான் கேட்டே பல மாதம் ஆகியிருந்தது.

"அம்மா, அப்பா இங்க இல்ல" என்றான். பார்சல் மேல் அனுப்புகிறவர் இடத்தில் நான் எழுதும் விலாசத்தைக் கடைப் பெயரிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னான். ஒரு இடத்திலும் தடுமாறாமல், மனப்பாடமாகச் சொன்னான். ஆயர் குரோ, மலாக்கா, மலேசியா என்று முடித்துவிட்டுக் கொஞ்சம் யோசித்து, "கடைக்கு மேல, மாடி ரூம்ல" என்றும் சேர்த்துக்கொண்டான்.